ஐபெக்ஸ் காட்டு ஆடும் ஆர்மிலேரியா காளானும்: ஒரே மலையில வாழுற ரெண்டு உயிருங்க

கேள்வி இதுதான்: ஆல்ப்ஸ் மலையில இருக்குற ஐபெக்ஸ்ங்கிற காட்டு ஆட்டையும், மரத்து வேர்கள்ல வளர்ற ஆர்மிலேரியாங்கிற காட்டுக் காளானையும் ஒப்பிட்டா என்ன வித்தியாசம், ஏதாவது ஒத்துப்போகுதா, ரெண்டுல எதுக்கு அழிஞ்சுபோற ஆபத்து அதிகம்?

மேலோட்டமா பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டைப் பிடிச்சுக் கேட்ட மாதிரி இருக்கும், ஆனா இது உண்மையிலேயே நல்ல கேள்வி. ஏன்னா இந்த ரெண்டும் ஒரே இடத்துல வாழுது. சுவிட்சர்லாந்து எங்கடீன் பகுதியில 1914ல ஆரம்பிச்ச சுவிஸ் தேசியப் பூங்கா இருக்கு, அங்க 1920ல ஐபெக்ஸைக் கொண்டுவந்து விட்டாங்க, இன்னைக்கும் மேல பாறைச் சரிவுகள்ல மந்தை மந்தையா இருக்கு. அதே பூங்காவுல ஓஃபென் கணவாய் பக்கம் மலைப் பைன் காட்டுக்கு அடியில ஒரே ஒரு ஆர்மிலேரியா சுமார் 35 ஹெக்டேர் பரப்புக்குப் பரவிக் கிடக்குதுன்னு 2004ல சுவிஸ் காட்டு ஆராய்ச்சியாளர்கள் அறிவிச்சாங்க, அதோட வயசு ஏறக்குறைய 1,000 வருஷம்னு கணக்குப் போட்டாங்க. அதாவது அந்தக் காளான் மண்ணுக்குள்ள ஊர்ந்துக்கிட்டு இருந்த அதே காலத்துல, மேல இருந்த ஆட்டு இனம் வேட்டையில சுத்தமா காணாம போய், மறுபடி மனுஷங்க தூக்கிட்டு வந்து விட்டு, திரும்பப் பெருகியிருக்கு. ரெண்டையும் ஒப்பிட இதை விட நல்ல இடம் கிடைக்காது.

முதல்ல ஆட்டைப் பத்தி. ஐபெக்ஸ் காப்ரா பேரினத்தைச் சேர்ந்தது, வீட்டு ஆட்டோட நெருங்கின சொந்தம். வரையாட்டை மனசுல வச்சுக்கிட்டு படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், வரையாடு வேற பேரினம், மரபணுப்படி அது செம்மறி ஆட்டுக்குத்தான் நெருக்கம், ஐபெக்ஸ்தான் சரியான வெள்ளாட்டு வகை. கிடா 100 கிலோவைத் தாண்டலாம், பெட்டை அதை விட ரொம்பச் சின்னது. கிடாவோட கொம்பு ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் பின்னால வளைஞ்சு போகும், குளிர்காலத்துல கொம்பு வளர்ச்சி நின்னு வசந்தத்துல திரும்ப ஆரம்பிக்கிறதால வருஷா வருஷம் ஒரு கோடு விழும், அதை எண்ணியே வயசைச் சொல்லிடலாம். குளம்போட ஓரம் கெட்டியா இருக்கும், நடுப்பகுதி ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கும், ஓரம் பாறை விளிம்பைப் பிடிச்சுக்கும், நடுப்பகுதி வழுக்காம ஒட்டிக்கும். இத்தாலியில சிங்கினோன்னு ஒரு அணை இருக்கு, கிட்டத்தட்ட நேரா நிக்கிற அந்தக் கல் சுவத்துல பெட்டைகளும் குட்டிகளும் ஏறி கல்லுல கசியுற உப்பை நக்கிட்டு நிக்கும், போட்டோல பாத்தா எடிட் பண்ணினதுன்னு தோணும், ஆனா நிஜம்தான். புல்லுல சோடியம் ரொம்பக் கம்மி, அதனால உப்புக்காக உயிரைப் பணயம் வைக்குது.

இப்ப காளான். ஆர்மிலேரியாவை தேன் காளான்னு சொல்வாங்க, தேன் நிறத்துல இலையுதிர் காலத்துல மரத்தடியில கொத்துக் கொத்தா முளைக்கும். ஆனா நாம பாக்குற குடை அந்த உயிர் கிடையாது, அது விதை மாதிரி வேலை செய்யுற ஸ்போரைப் பரப்புறதுக்காக சில நாள் வெளியில வந்து போற உறுப்பு அவ்வளவுதான். நிஜமான உடம்பு மண்ணுக்குள்ளயும் மரப்பட்டைக்கு அடியிலயும் இருக்குற மெல்லிய வெள்ளை இழைகள், பட்டையை உரிச்சுப் பாத்தா விசிறி விரிச்ச மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கும். இதுல ஆர்மிலேரியாவுக்குன்னு ஒரு ஸ்பெஷல் இருக்கு, இழைகள் எல்லாம் ஒண்ணா முறுக்கிக்கிட்டு கருப்பு ஷூ லேஸ் மாதிரி கயிறா மாறும், மேல கருப்புத் தோல் போட்டுப் பாதுகாத்துக்கிட்டு, உள்ள காத்தையும் சத்தையும் கடத்திக்கிட்டே, சாப்பாடே இல்லாத மண்ணுக்குள்ளயும் மீட்டர் கணக்குல நகர்ந்துபோய் அடுத்த மரத்தோட வேரைத் தொடும். தொட்டா அந்த மரத்துக்கு நேரம் சரியில்லை. பலவீனமான மரமா இருந்தா பட்டைக்குள்ள புகுந்து சுத்தி வளைச்சு கொன்னுடும், கொன்ன பிறகும் விடாது, செத்த கட்டையை பல வருஷம் உக்காந்து தின்னும். இருட்டுல இந்த இழை படர்ந்த கட்டை மங்கலா பச்சை வெளிச்சம் விடும்ங்கிறதையும் சொல்லிடணும், ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

சாப்பாடுன்னு வந்தாத்தான் ஒப்பீடு சூடு பிடிக்குது. ரெண்டுமே செடி மாதிரி சூரிய வெளிச்சத்துல தானா உணவு தயாரிக்க முடியாது, செடி செஞ்சு வச்சதைத்தான் பிடுங்கிச் சாப்பிடணும். ஆடு புல்லை மென்னு உள்ள தள்ளி வயித்துக்குள்ள செரிக்குது. காளானுக்கு வாயும் இல்லை வயிறும் இல்லை, அது செரிமான நொதிகளை வெளியில துப்பி, மரத்தை வெளியிலயே கரைச்சு, கரைஞ்சதை இழை வழியா உறிஞ்சிக்கும். ஒண்ணு சாப்பாட்டை உடம்புக்குள்ள வைக்குது, இன்னொண்ணு தன் உடம்பையே சாப்பாட்டுக்குள்ள கொண்டுபோய் வைக்குது. மரத்துல லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு, மரத்தைக் கெட்டியா வச்சிருக்குறதே அதுதான், ஆட்டால அதை ஒண்ணும் பண்ண முடியாது, அப்படியே புழுக்கையில வெளிய வந்துடும். ஆர்மிலேரியா வெள்ளை அழுகல் வகையைச் சேர்ந்தது, லிக்னினையும் சேர்த்து உடைச்சுடும், அதனாலதான் அது தின்னு முடிச்ச கட்டை வெளுத்துப்போய் நார் நாரா பிய்ஞ்சு வரும்.

ஆனா ஆடு மட்டும் தனியா புல்லைச் செரிக்குதுன்னு நெனைக்கிறதும் சரியில்ல. புல்லுல இருக்குற செல்லுலோஸ்ங்கிற நார்ப்பொருளை உடைக்கிற நொதி எந்த ஆட்டோட உடம்புலயும் கிடையாது. அசை போடுற விலங்குகளோட முதல் வயித்துல பாக்டீரியா, ஒரு செல் உயிரிகள், கூடவே பூஞ்சைகளும் (காளானும் ஒரு பூஞ்சைதான்) இருக்கு, அதுங்கதான் வேலை செய்யுது. இந்த வயித்துப் பூஞ்சைகளோட ஸ்போர் வாலாட்டி நீந்துறதால ரொம்ப காலம் அதை வேற ஏதோ ஒரு செல் உயிரின்னே நெனைச்சாங்க, 1975ல காலின் ஆர்ப்பின் செம்மறி ஆட்டு வயித்துல ஆராய்ச்சி பண்ணித்தான் இது பூஞ்சையோட வாழ்க்கைல ஒரு கட்டம்னு காட்டினார். ஆக்சிஜன் துளியும் இல்லாத இடத்துல பூஞ்சை வாழும்னு அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க ஒத்துக்கவே இல்லை. அந்தப் பூஞ்சை தண்டுக்குள்ள வேர் மாதிரி இழை விட்டுப் பிளந்துகொண்டு போகும், அப்புறம் பாக்டீரியா உள்ள நுழையுறது சுலபம். அதாவது காட்டுக்குள்ள பைன் மரத்துல ஆர்மிலேரியா செய்யுற அதே மாதிரி வேலையை, ஆட்டு வயித்துக்குள்ள அதோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு புல்லுல செய்யுது. இந்த ஒப்பீட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

சொந்தம்னு சொன்னேன் இல்லையா, அது ஆட்டுக்கும் காளானுக்குமே பொருந்தும். காளானைச் செடியோட சேர்த்துத்தான் பல பேர் நெனைக்கிறாங்க, பழைய பாடப் புத்தகங்களும் அப்படித்தான் போட்டிருந்தது, ஆனா மரபணுவை வச்சுப் பாத்தா பூஞ்சைகள் விலங்குகளுக்குத்தான் நெருக்கம், நூறு கோடி வருஷம் அளவுக்குப் பின்னால போனா ரெண்டுக்கும் பொதுவான ஒரு செல் முன்னோர் இருந்திருக்கு. செடி மிச்ச சர்க்கரையை மாவுப்பொருளா சேர்த்து வைக்கும், ஆடும் காளானும் கிளைக்கோஜனா சேர்த்து வைக்கும். இன்னொரு நுணுக்கமான விஷயம்: பெரும்பாலான குடைக்காளான்களோட இழையில அப்பா கரு தனியா அம்மா கரு தனியா ஒரே செல்லுக்குள்ள ரெண்டா இருக்கும், ஆர்மிலேரியாவுல மட்டும் வழக்கத்துக்கு மாறா ரெண்டும் சேர்ந்து ஒரே கருவா, ரெண்டு செட் குரோமோசோமோட இருக்கு, அதாவது ஆட்டு செல் மாதிரியே.

இனிமே பெரிய வித்தியாசத்துக்கு வரேன், இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது: "ஒரு உயிர்"னா என்னங்கிற கணக்கே ரெண்டுக்கும் வேற. ஆட்டை எண்ணலாம், நாலு கால், ஒரு தலை, பொறப்பு இருக்கு சாவு இருக்கு, பதினஞ்சு வருஷம் தாண்டுற கிடா அபூர்வம், பெட்டை 20 வரைக்கும் போகலாம். காளானை எப்படி எண்ணுவீங்க? அமெரிக்காவுல ஒரிகான் மாநிலத்து மால்ஹூர் தேசியக் காட்டுல ஒரே ஆர்மிலேரியா 965 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 10 சதுர கிலோமீட்டர் பரவியிருக்குன்னு 2003ல வெளியிட்டாங்க, வயசு குறைஞ்சது 1,900 வருஷம், அதிகபட்சம் 8,650 வருஷம்னு கணக்கு. வயசுல இவ்வளவு இடைவெளி ஏன்னா, அது வருஷத்துக்கு எவ்வளவு தூரம் பரவும்ங்கிறத வச்சு பின்னோக்கிக் கணக்குப் போடுறாங்க, வேகத்தைக் கூட்டிக் குறைச்சா வயசும் மாறிடும்.

இவ்வளவும் ஒரே உயிர்னு எப்படித் தெரியும்னு கேக்கலாம், நியாயமான சந்தேகம். பல இடத்துல இருந்து இழைத் துண்டு எடுத்து, ரெண்டு ரெண்டா ஒரே கண்ணாடித் தட்டுல வளர்ப்பாங்க, ஒரே உயிரோட துண்டா இருந்தா ரெண்டும் எந்தத் தகராறும் இல்லாம ஒண்ணாக் கலந்துடும், வேற வேற ஆளா இருந்தா நடுவுல எல்லை மாதிரி ஒரு கோடு விழும். அதோட டிஎன்ஏ டெஸ்டும் சேர்த்துப் பார்ப்பாங்க. ஆனா மண்ணுக்குள்ள இப்பவும் எல்லா இழையும் அறுபடாம இணைஞ்சிருக்கான்னு யாரும் தோண்டிப் பார்த்ததில்லை, நடுவுல எங்கயாவது அறுந்திருக்கலாம், அப்படி அறுந்தாலும் மரபணு ஒண்ணுதான், மறுபடி சந்திச்சா திரும்ப ஒட்டிக்கும். ஆட்டை ரெண்டா வெட்டினா செத்துடும், காளானை வெட்டினா ரெண்டு இடத்துல அதே ஆள் வாழும். அதனால "உலகத்துலயே பெரிய உயிர்"னு செய்தியில வர்றதை எடைக்கல் வச்சு நிறுத்த மாதிரி எடுத்துக்காதீங்க, "ஒரே மரபணு கொண்ட ஒரே உடம்பு இவ்வளவு தூரம் பரவியிருக்கு"ன்னு எடுத்துக்கிட்டா சரியா இருக்கும்.

இப்ப இதை ஐபெக்ஸோட வரலாறு பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆல்ப்ஸ் முழுக்க இருந்த ஆடு, துப்பாக்கி வந்த பிறகு வேகமா அழிஞ்சது. கறிக்கும் கொம்புக்கும் மட்டுமில்ல, அதோட உடம்புல ஒவ்வொரு பாகமும் மருந்துன்னு நம்பினாங்க, இதயத்துல இருக்குற சின்ன எலும்பு, வயித்துல உருவாகுற கல், ரத்தம் எல்லாத்துக்கும் கிராக்கி. 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இத்தாலியில கிரான் பாரதீசோ மலைப் பகுதியில மட்டும் 100 அளவுக்குத்தான் மிச்சம். 1821ல வேட்டைக்குத் தடை வந்தது, 1856ல மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் அதைத் தன் சொந்த வேட்டைக் காடா அறிவிச்சு காவல் போட்டார், தனக்கு வேட்டையாட வேணும்னு பண்ணினதுதான், ஆனா அந்தக் காவல்தான் இனத்தைக் காப்பாத்துச்சு. 1922ல அது தேசியப் பூங்கா ஆச்சு. சுவிட்சர்லாந்து ஆடு கேட்டும் இத்தாலி கொடுக்கலை, அதனால 1906ல குட்டிகளைக் கடத்திட்டு வந்து செயின்ட் காலன் ஊர்ப் பூங்காவுல வளர்த்து, 1911ல முதல் தடவையா மலையில விட்டாங்க. இரண்டாம் உலகப் போர் முடியுறப்ப கிரான் பாரதீசோவுல மறுபடி சுமார் 400ன்னு குறைஞ்சு, பிறகுதான் ஏறுச்சு. இன்னைக்கு ஆல்ப்ஸ் முழுக்க 50,000 சொச்சம் இருக்கு, அத்தனையும் அந்த மிச்சம் இருந்த கூட்டத்தோட வாரிசுங்க.

எண்ணிக்கையைப் பார்த்தா சந்தோஷமா இருக்கும், ஆனா உள்ள ஒரு பிரச்சனை உக்காந்திருக்கு. ஆட்டுக்கு பலமே ஒண்ணுக்கொண்ணு வேறயா இருக்குறதுதான், ஒரு நோய் வந்தா சிலது சாகும் சிலது தாங்கும். ஐபெக்ஸ்ல அந்த வேற்றுமை ரொம்பக் கம்மி, ஏன்னா கிரான் பாரதீசோல ஒரு தடவை வடிகட்டி, அங்க இருந்து கொஞ்சம் குட்டிகளை எடுத்து இன்னொரு தடவை வடிகட்டி, அதுல இருந்து மறுபடி சில ஆடுகளைப் புது மலைக்குக் கொண்டுபோய்னு திரும்பத் திரும்ப வடிகட்டியிருக்கு. 2020ல வந்த ஜீனோம், அதாவது முழு மரபணுத் தொகுப்பு, ஆய்வுல ஒரு விசித்திரமான விஷயம் தெரிஞ்சது, ரொம்ப மோசமான கெட்ட மரபணு மாற்றங்கள் இந்த நெருக்கடியில கழிஞ்சு போயிருக்கு, ஆனா கொஞ்சமா கெடுக்கிற சின்ன மாற்றங்கள் சேர்ந்திருக்கு. இன்னொரு பக்கம், நோய் எதிர்ப்புக்கான மரபணுப் பகுதியில வீட்டு ஆட்டுகிட்ட இருந்து வந்த துண்டு ஐபெக்ஸ்ல இருக்கு, எப்பவோ மலையில மேய்ச்சலுக்குப் போன ஆட்டோட கலந்திருக்கு, அது இதுக்கு உதவியா இருந்ததால நிலைச்சிருக்குன்னு சொல்றாங்க.

காளான் இதுக்கு நேர் எதிர். மிச்சிகன் மாநிலத்துல கிரிஸ்டல் ஃபால்ஸ் பக்கம் 1992ல கண்டுபிடிச்ச இன்னொரு ஆர்மிலேரியாவை, அதே குழுவுல சிலர் திரும்பப் போய் எடுத்த சாம்பிளை வச்சு 2018ல புதுசா கணக்குப் போட்டாங்க, வயசு 2,500 வருஷம், எடை சுமார் 400 டன்னு வந்தது. 10 கோடி டிஎன்ஏ எழுத்து அளவு இருக்குற ஜீனோம்ல, வேற வேற மூலையில இருந்து எடுத்த 15 சாம்பிள்கள்ல கண்டுபிடிச்ச மாற்றம் மொத்தமே 163தான். இவ்வளவு வருஷம் செல் பிரிஞ்சு பிரிஞ்சு வளர்ந்தும் அவ்வளவுதான். ஆடு தலைமுறை தலைமுறையா மாறித்தான் பிழைக்கணும், காளான் மாறாமலேயே பிழைச்சு நிக்குது, தன் மரபணுவை ஏதோ ஒரு வகையில அவ்வளவு பத்திரமா வச்சிருக்கு. அதுக்காக காளானுக்கு இனப்பெருக்கமே இல்லைன்னு நெனைக்காதீங்க, ஒவ்வொரு குடையும் கோடிக்கணக்குல ஸ்போர் விடும், அதுல புதுசா ஒரு ஆள் நிலைச்சு நிக்கிறது அபூர்வம். ஐபெக்ஸ் பெட்டை டிசம்பர் ஜனவரில சினை பிடிச்சு அஞ்சரை மாசம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும், அந்த ஒண்ணைக் காப்பாத்த எந்த வேட்டை மிருகமும் வர முடியாத சரிவா பார்த்துப் போய் நிக்கும்.

"ஒரே ஆளா மிஞ்சினா" என்ன ஆகும்ங்கிறதுக்கு ஆட்டுப் பக்கம் ஒரு சோகமான உதாரணம் இருக்கு. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில இருக்குற பிரனீஸ் மலையில புகார்டோன்னு, ஆல்ப்ஸ்ல இருக்குறது இல்லாம வேற ஒரு ஐபெக்ஸ் இனத்தோட கிளையினம் இருந்தது, கடைசியில சீலியான்னு பேர் வச்ச ஒரே ஒரு பெட்டை மட்டும் மிஞ்சி, 2000 ஜனவரில மரம் விழுந்து செத்துப்போச்சு. முன்னாடியே எடுத்து உறைய வச்சிருந்த அதோட செல்லை வச்சு 2003ல குளோனிங் பண்ணினாங்க, வாடகைத் தாயா இருந்த ஆட்டுக்கு ஒரு குட்டி பிறந்துச்சு, நுரையீரல் கோளாறால சில நிமிஷத்துல அதுவும் செத்துடுச்சு. அந்தக் குட்டி பிழைச்சிருந்தாலும் சேர்றதுக்குக் கிடா கிடையாது. ஆர்மிலேரியாவுக்கு ஒத்தை ஆளா இருக்குறது ஒரு குறையே இல்லை, அது ஆயிரம் வருஷமா அப்படித்தான் இருக்கு.

மலைக்கு ரெண்டும் என்ன செய்யுது? ஐபெக்ஸ் பெரும்பாலும் மரம் முடியுற உயரத்துக்கு மேல இருக்கும், வசந்தத்துல மட்டும் முதல் பச்சையைத் தேடிக் கீழ வரும். அது மேயறதும் புழுக்கை போடுறதும் புல்வெளிச் சத்தை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்துது, பனிச்சரிவுல சிக்கிச் செத்தா எலும்பு தின்னும் தாடிக் கழுகுக்கு அது சாப்பாடு. ஆர்மிலேரியா மலைப் பைன்களை வட்ட வட்டமா சாகடிச்சு காட்டுல ஓட்டை போடுது, அங்க வெளிச்சம் விழுந்து புல்லும் புதுக் கன்னுகளும் வருது, இத்துப்போன கட்டையில பூச்சியும் மரங்கொத்தியும் வருது. மரம் வளர்த்து விக்கிறவங்களுக்கு இது நோய், பூங்காவுல யாரும் தலையிடாததால அங்க இது காடு தன்னைப் புதுப்பிச்சுக்கிற வழி, ரெண்டுமே சரிதான். இவ்வளவு பலசாலியைச் சுரண்டிப் பிழைக்கிறதும் உண்டு, காஸ்ட்ரோடியான்னு ஒரு ஆர்க்கிட் பச்சையமே இல்லாம ஆர்மிலேரியாகிட்ட இருந்து சத்தை உறிஞ்சியே வாழுது, சீனாவுல மருந்துக்காக அந்த ஆர்க்கிட்டைப் பயிர் பண்றவங்க ஆர்மிலேரியா பிடிச்ச கட்டையை வச்சுத்தான் பண்றாங்க.

கடைசிக் கேள்வி, எதுக்கு ஆபத்து அதிகம். சந்தேகமே இல்லாம ஆட்டுக்குத்தான். அழிவு ஆபத்துல இருக்குற உயிரினங்களைக் கணக்கெடுக்குற சர்வதேசப் பட்டியல்ல ஐபெக்ஸ் இப்ப கவலைக்குரிய இனம் இல்லைன்னுதான் இருக்கு, ஆனா எண்ணிக்கையை மட்டும் வச்சு நிம்மதியா இருக்க முடியாதுன்னு நான் நெனைக்கிறேன். அது குளிருக்குச் செஞ்ச உடம்பு, குளிர்காலத்துல இதயத் துடிப்பையும் உடம்புச் சூட்டையும் குறைச்சுக்கிட்டு, காலை வெயில்ல நின்னு சூடேத்திக்கிட்டு சமாளிச்சுடும், வெயிலைத்தான் தாங்காது. கோடை சூடாக ஆக மேல மேல ஏறுது, பகல்ல மேயுறதைக் குறைச்சு ராத்திரில அதிகமா நடமாட ஆரம்பிச்சிருக்கு, ராத்திரில ஓநாய் பயம் இருந்தும் அப்படிப் பண்ணுது. மலைக்கு ஒரு உச்சி இருக்கு, அதுக்கு மேல ஏற இடம் கிடையாது. அதே சூடும் வறட்சியும் மரங்களைப் பலவீனமாக்குறதால ஆர்மிலேரியாவுக்கு வேட்டை சுலபமாகுது. ஆட்டுக்கு உடனே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, பிரிஞ்சு கிடக்குற மந்தைகளுக்கு நடுவுல வேற மலையில இருந்து ஆடுகளைக் கொண்டுவந்து கலக்குறது, அதுவும் முடிஞ்ச வரைக்கும் நேரா கிரான் பாரதீசோல இருந்தே எடுக்குறது, ஏன்னா மிச்சம் இருக்குற மரபணு வேற்றுமை அங்கதான் அதிகம்.